நியாயமான பயம்: 1862ல் லண்டனும் நம்ம தண்டனைச் சட்டமும்

1862 ஜூலை 17, நள்ளிரவு தாண்டி ஒரு மணி இருக்கும். பிளாக்பர்ன் தொகுதி எம்.பி. பில்கிங்டன், நாடாளுமன்றத்திலிருந்து கிளம்பி ரிஃபார்ம் கிளப் பக்கம் நடந்து போய்க்கொண்டிருந்தார். தெருவின் பெயர் பால் மால். பணக்கார கிளப்புகள் வரிசையாக நிற்கும் இடம், கேஸ் விளக்கு வெளிச்சம் வேறு. அங்கே வைத்து அவரைத் தாக்கி, கழுத்தை நெரித்து, கடிகாரத்தைப் பறித்துக்கொண்டு போய்விட்டார்கள். அதே இரவு, அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் எட்வர்ட் ஹாக்கின்ஸ் என்பவரும் தாக்கப்பட்டார். பிரிட்டிஷ் மியூசியத்தில் தொல்பொருள் பிரிவுக் காப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர், எண்பது வயதைத் தாண்டியவர்.

இரண்டு பேருமே பிழைத்துக்கொண்டார்கள். ஆனால் அடுத்த ஆறு மாதத்துக்கு லண்டன் தூங்கவில்லை.

இந்தத் திருட்டுக்கு ஆங்கிலப் பத்திரிகைகள் வைத்த பெயர் ‘கரோட்டிங்’. கரோட் என்பது ஸ்பெயினில் மரண தண்டனைக்குப் பயன்பட்ட கருவி. கழுத்தில் இரும்பு வளையம் மாட்டி இறுக்குவார்கள். லண்டன் தெருத் திருடனிடம் கருவி எதுவும் இல்லை, அவன் முழங்கைதான் கருவி. 1863ல் ‘கார்ன்ஹில் மேகஸின்’ இதைப் பற்றி ஒரு விரிவான கட்டுரை போட்டது. அதன்படி இது மூன்று பேர் செய்யும் வேலை. ஒருவன் முன்னால் நடந்து வழியைப் பார்ப்பான். இன்னொருவன் பின்னால் வந்து போலீஸ் வருகிறதா என்று கவனிப்பான். மூன்றாமவன்தான் கழுத்தைப் பிடிப்பவன். கும்பல் பாஷையில் அவனுக்கு ‘நாஸ்டி மேன்’ என்று பெயர். பின்னாலிருந்து கையைச் சுற்றி, மணிக்கட்டு எலும்பைத் தொண்டையில் அழுத்தினால் சில நொடிகளில் ஆள் மயங்கிவிடுவான். கத்தவும் முடியாது. பையைத் துழாவிவிட்டு மூன்று பேரும் மூன்று திசையில் போய்விடுவார்கள்.

இதை வாசித்ததும் அந்தக் கால ஆங்கிலேயனுக்கு என்ன ஞாபகம் வந்திருக்கும்? இந்தியாவின் தக்கர்கள்தான். கர்னல் ஸ்லீமன் ‘ஒழித்த’ தக்கர்களைப் பற்றி பிலிப் மெடோஸ் டெய்லர் எழுதிய நாவல் 1839லேயே வந்து பரபரப்பாக விற்றிருந்தது. கைக்குட்டையால் கழுத்தை நெரித்துக் கொல்லும் இந்தியப் பயங்கரம் இப்போது நம்ம ஊர் தெருவுக்கே வந்துவிட்டது என்று பத்திரிகைகள் எழுத ஆரம்பித்தன. வெளியூர்க்காரன் செய்கிற குற்றம் என்ற வாசனை சேர்ந்தால் பயத்துக்கு ருசி கூடும். இது எல்லா ஊரிலும் உண்டு.

பயத்துக்கு உள்ளூர்க் காரணமும் ஒன்று இருந்தது. அதுவரை கடுங்குற்றவாளிகளைக் கப்பலேற்றி ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அந்தக் குடியேற்றங்கள் ஒவ்வொன்றாக ‘இனி வேண்டாம்’ என்று சொல்லிவிட்டன. 1853க்குப் பிறகு பெரும்பாலானவர்கள் இங்கிலாந்துச் சிறைகளிலேயே இருந்து, நன்னடத்தைக்காக முன்கூட்டியே ‘டிக்கெட் ஆஃப் லீவ்’ என்ற சீட்டோடு வெளியே வந்தார்கள். தெருவில் கழுத்து நெரிக்கப்பட்டால், செய்தவன் கண்டிப்பாக ஒரு சீட்டுக்காரன்தான் என்று ஊரே முடிவு கட்டியது. 1856லேயே இதே மாதிரி ஒரு பீதி வந்து அடங்கியிருந்தது. 1862ல் எம்.பி.யின் கழுத்தே அகப்பட்டதால் பீதி நாடாளுமன்றத்துக்குள்ளும் போனது.

அப்போது நடந்த வியாபாரம்தான் எனக்கு ரொம்ப சுவாரஸ்யமாகப் பட்டது. கழுத்தைச் சுற்றி ஆணி வைத்த உலோகக் காலர் விற்பனைக்கு வந்தது. உள்ளே வாள் மறைந்திருக்கும் கைத்தடி, விரல்களில் மாட்டும் இரும்பு வளையம், நுனியில் ஈயம் ஏற்றிய குட்டைத் தடி எல்லாம் விற்றன. அந்த ஈயத் தடிக்குப் பெயர் ‘லைஃப் பிரிசர்வர்’, அதாவது உயிர் காப்பான்! மண்டையைப் பிளக்கிற சாமானுக்கு இப்படிப் பெயர் வைத்த ஆள் எந்தக் காலத்திலும் மார்க்கெட்டிங்கில் பிழைத்துக்கொள்வார். ‘பஞ்ச்’ பத்திரிகை கிண்டல் படங்களாகப் போட்டுத் தள்ளியது. பெண்கள் பாவாடைக்குள் அணியும் கூண்டு மாதிரி ஒன்றை ஆண்கள் கோட்டுக்குள் மாட்டிக்கொண்டு, எவனும் கைக்கெட்டும் தூரத்துக்கு வர முடியாதபடி நடக்கிற படம் ஒன்று உண்டு.

ஆயுதம் கைக்கு வந்தால் அது யார் மேலாவது இறங்கத்தானே செய்யும்? இருட்டில் எதிரே வந்தவனைக் கரோட்டர் என்று நினைத்து ஒருவர் அடிக்க, அவரும் இவரைக் கரோட்டர் என்று நினைத்துத் திருப்பி அடிக்க, கடைசியில் இரண்டு கௌரவமான குடும்பஸ்தர்கள் போலீஸ் ஸ்டேஷனில் முகம் வீங்கி உட்கார்ந்திருந்த கதைகளும் அந்தக் காலப் பத்திரிகைகளில் வந்தன. மணி கேட்க நெருங்கியவன் அடி வாங்கினான். இதைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

நாவலாசிரியர் ஆந்தனி டிரோலோப் இதை நன்றாகப் பிடித்துவிட்டார். அவருடைய ‘ஃபினியஸ் ஃபின்’ நாவலில் கதாநாயகன் ஒரு அரசியல்வாதியைக் கரோட்டர்களிடமிருந்து காப்பாற்றி ஹீரோ ஆகிறான். அதன் தொடர்ச்சியான ‘ஃபினியஸ் ரிடக்ஸ்’ஸில் அவன் பையில் ஒரு லைஃப் பிரிசர்வர் வைத்திருக்கிறான். அன்றிரவே அவனோடு தகராறு செய்த ஒருவர் தெருவில் அடித்துக் கொல்லப்படுகிறார். தற்காப்புக்கு வாங்கிய தடியே அவனுக்கு எதிரான சாட்சியமாக நீதிமன்றத்தில் வந்து நிற்கிறது. கடைசியில் விடுதலைதான், ஆனால் ஆள் உடைந்துபோகிறான்.

சரி, உண்மையிலேயே கரோட்டிங் அவ்வளவு நடந்ததா? ஜெனிஃபர் டேவிஸ் என்ற வரலாற்றாய்வாளர் 1980ல் இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். சுருக்கமாகச் சொன்னால், வழக்குகளின் எண்ணிக்கை எகிறியது பீதிக்கு முன்னால் அல்ல, பின்னால். ஜூலைக்குப் பிறகு போலீஸை முடுக்கிவிட்டார்கள், மாற்றுடையில் ஆட்களைத் தெருவில் விட்டார்கள். முன்பு சாதாரணத் திருட்டாகவோ சாராயக்கடைச் சண்டையாகவோ போயிருக்கக்கூடிய விஷயங்கள் கரோட்டிங் ஆகப் பதிவாயின. பதிவு கூடியதும் பத்திரிகை இன்னும் கத்தியது. பத்திரிகை கத்தியதும் போலீஸ் இன்னும் பிடித்தது. எங்கள் தொழிலில் அலர்ட் வரம்பைக் குறைத்தாலே ‘எர்ரர்’ எண்ணிக்கை எகிறும், சர்வர் என்னவோ நேற்று மாதிரியேதான் ஓடிக்கொண்டிருக்கும். அந்த மாதிரிதான் இதுவும்.

அதற்காக பில்கிங்டன் கழுத்தில் விழுந்த கை பொய் இல்லை. வழிப்பறி இருந்தது. ஆனால் பயம் வழிப்பறியை விட வேகமாக வளர்ந்தது.

நவம்பரில் லண்டன் மத்தியக் குற்றவியல் நீதிமன்றத்தில் பாரன் பிராம்வெல் கரோட்டிங் வழக்குகளில் கடும் தண்டனைகளாக வழங்கினார். 1863ல் சார்லஸ் ஆடர்லி என்ற எம்.பி. ஒரு மசோதா கொண்டுவந்தார். கழுத்தை நெரித்துக் கொள்ளையடிப்பவனுக்குச் சிறையோடு சவுக்கடியும் கொடுக்கும் சட்டம். பெரியவர்களுக்கு ஒரு தடவைக்கு ஐம்பது அடி வரை, அதுவும் மூன்று தடவை வரை. உள்துறை அமைச்சர் ஜார்ஜ் கிரே எதிர்த்தார். சபை கேட்கவில்லை, மசோதா நிறைவேறியது. இதில் கவனிக்கவேண்டியது, சட்டம் ஜூலை 1863ல் வருவதற்கு முன்பே பீதி அடங்கிவிட்டது. ஆனாலும் பல பத்து ஆண்டுகளுக்கு ‘சவுக்கடிதான் கரோட்டிங்கை ஒழித்தது’ என்று மேடைக்கு மேடை சொல்லிக்கொண்டே இருந்தார்கள். நீதிமன்றம் சவுக்கடி விதிப்பது 1948ல்தான் அங்கே ஒழிந்தது. சீட்டுக்காரர்கள் மேலிருந்த சந்தேகம் 1869ல் ‘வழக்கமான குற்றவாளிகள் சட்டம்’ ஆனது. 1871ல் இந்தியாவில் குற்றப் பரம்பரைச் சட்டம் வந்தது. லண்டனில் தனி ஆளைச் சந்தேகித்தார்கள், இங்கே சாதியையே சந்தேகித்தார்கள். அந்தச் சட்டத்தின் 1911ஆம் ஆண்டு வடிவம் மதராஸ் மாகாணத்துக்கும் வந்தது. கைரேகைப் பதிவை எதிர்த்த பிரமலைக் கள்ளர்கள் மேல் 1920 ஏப்ரல் 3 அன்று மதுரைப் பக்கம் பெருங்காமநல்லூரில் போலீஸ் சுட்டது, ஒரு பெண் உட்படப் பலர் செத்தார்கள். ‘யாரைப் பார்த்துப் பயப்படலாம்’ என்பதை அரசாங்கமே பட்டியல் போட்டுக் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம்.

லண்டனிலிருந்து மதராஸுக்கு வர இன்னொரு வழியும் இருக்கிறது. பில்கிங்டன் தாக்கப்பட்ட அந்த ஜூலையில், பெங்களூரில் பிறந்த ஒரு வெள்ளைக்காரக் குழந்தைக்கு ஒன்றரை வயது நடந்துகொண்டிருந்தது. பெயர் எட்வர்ட் வில்லியம் பார்ட்டன்-ரைட். அப்பா வில்லியம் பார்ட்டன் ரைட், மதராஸ் ரயில்வேயின் லோகோமோட்டிவ் சூப்பரின்டெண்டென்ட். 1856ல் ராயபுரத்திலிருந்து கிளம்பிய முதல் ரயிலின் கம்பெனிதான் அது. பையனும் எஞ்சினியர் ஆனான். வேலை நிமித்தம் ஜப்பான் போய், அங்கே ஜுஜுட்சு கற்றுக்கொண்டு 1898ல் லண்டன் திரும்பினான். சரியான நேரம். அந்த ஆகஸ்டில்தான் ‘ஹூலிகன்’ என்ற புது வார்த்தை பத்திரிகைகளில் பரவி, தெருச் சண்டைக்காரர்களைப் பற்றி அடுத்த பீதி ஆரம்பித்திருந்தது.

பார்ட்டன்-ரைட் ஜுஜுட்சு, பாக்ஸிங், பிரெஞ்சு உதைச்சண்டை, சுவிஸ்காரர் பியர் விக்னியின் கைத்தடி வித்தை எல்லாவற்றையும் சேர்த்துப் பிசைந்து, தன் பெயரையும் கலந்து ‘பார்ட்டிட்சு’ என்று வைத்தார். 1899ல் ‘பியர்சன்ஸ் மேகஸின்’னில் படங்களோடு கட்டுரை எழுதினார். ஓவர்கோட்டைக் கழற்றி எதிரி தலைமேல் வீசுவது எப்படி, கைத்தடியால் கத்திக்காரனின் மணிக்கட்டைத் தட்டுவது எப்படி என்கிற ரகம். லண்டன் சோஹோவில் கிளப் திறந்தார், ஜப்பானிலிருந்து யூகியோ தானி, உயேனிஷி போன்ற வாத்தியார்களை வரவழைத்தார். முரடர்கள் வித்தையைக் கற்றுக்கொண்டு போய்விடக்கூடாது என்று ஆள் சேர்க்க ஒரு கமிட்டி வேறு. 1902 வாக்கில் கிளப் மூடிக்கொண்டது. ஷெர்லக் ஹோம்ஸ் அருவியில் விழாமல் தப்பியது ‘பரிட்சு’ என்ற ஜப்பானிய மல்யுத்தத்தால்தான் என்று 1903ல் கானன் டாயில் எழுதியது இதைத்தான். பெயரில் ஒரு எழுத்துப் பிசகு. உயேனிஷியின் பள்ளி வழியாக ஜுஜுட்சு கற்ற ஈடித் காரட் பின்னால் வாக்குரிமைப் போராட்டப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்தார். அவர்கள் அதைப் பயன்படுத்தியது திருடர்களிடம் இல்லை, கைது செய்ய வந்த போலீஸிடம்.

கையில் இருப்பதை வைத்து, உடைமைக்காக இல்லாமல் உயிருக்காக, தப்பிக்கிற அளவுக்கு மட்டும் அடிப்பது. பார்ட்டன்-ரைட்டின் தற்காப்பை நான் இப்படித்தான் புரிந்துகொள்கிறேன். அவர் பிறந்த நாட்டின் சட்டம் இதைப் பற்றி என்ன சொன்னது?

இந்திய தண்டனைச் சட்டம் 1860 அக்டோபரில் நிறைவேறியது. அமலுக்கு வந்தது 1862 ஜனவரி 1. லண்டன் கரோட்டிங் பீதியும் அதே வருஷம். மதராஸ் உயர் நீதிமன்றமும் அதே ஆகஸ்டில்தான் திறந்தது. ஆனால் சட்டத்தின் வரைவு இதற்கெல்லாம் ரொம்ப முன்னாடி, 1837ல் மெக்காலே தலைமையிலான சட்ட ஆணையம் எழுதியது. பாரன்ஸ் பீகாக் திருத்தி முடித்து நிறைவேற்றியபோது மெக்காலே உயிரோடு இல்லை.

வரைவோடு மெக்காலே குழு விளக்கக் குறிப்புகளும் எழுதியது. தற்காப்பு உரிமை பற்றிய குறிப்பு இப்படிப் போகிறது: வேறு நாடாக இருந்தால் இந்த உரிமைக்கு இன்னும் கட்டுப்பாடு போட்டிருப்போம். ஆனால் இந்த நாட்டு மக்கள் கொள்ளைக் கூட்டம் வந்தாலும் பொறுத்துப் போகிறவர்கள். இவர்களிடம் தைரியத்தை எழுப்புவதுதான் தேவை, தடைகளைக் கூட்டுவது அல்ல. அதனால்தான் நம்ம சட்டத்தில் இந்த உரிமை தாராளமாக இருக்கிறது. அந்தக் கால இங்கிலாந்துச் சட்டத்திலும் வழிப்பறிக்காரனைக் கொல்வது 1532 முதலே குற்றமில்லை. ஆனால் மற்ற சண்டைகளில் முதலில் பின்வாங்கப் பார்த்தாயா என்று கேட்பார்கள். நம்ம சட்டத்தில் ‘பின்வாங்கு’ என்ற வார்த்தையே இல்லை.

எனக்கு இந்தக் குறிப்பு எரிச்சலாகத்தான் இருந்தது. மெக்காலே இதை எழுதுவதற்கு முப்பத்தைந்து வருஷம் முன்னாடி, 1801 டிசம்பரில், தென்பாளையங்களில் ஆயுதம் வைத்திருக்கவே கூடாது என்று கம்பெனி பிரகடனம் போட்டு, கோட்டைகளை இடித்திருந்தது. ஆயுதத்தைப் பிடுங்கிவிட்டு, பாவம் இவர்களுக்குத் தைரியம் இல்லை என்று எழுதினால் எப்படி? 1878ல் லிட்டன் கொண்டுவந்த ஆயுதச் சட்டம் இந்தியர்களுக்கு லைசென்ஸ் கட்டாயமாக்கியது, ஐரோப்பியர்களுக்கு விலக்கு. ஒரு கையால் உரிமை, மறு கையால் பறிமுதல். இருந்தாலும் எழுதியவரின் எண்ணம் வேறு, எழுதின சட்டம் வேறு. சட்டத்தை மட்டும் பார்த்தால், நல்ல புரோகிராமர் எழுதின ஸ்பெக் மாதிரி இருக்கிறது. ஒவ்வொரு பிரிவுக்கும் கீழே ஏ, இசட் என்று ஆட்களை வைத்து எடுத்துக்காட்டுகள். அத்தனையும் யூனிட் டெஸ்ட்!

96 முதல் 106 வரை மொத்தம் பதினொரு பிரிவுகள். இதைப் பற்றிப் பேசுகிறவர்கள் நேராக 100ஆம் பிரிவுக்குப் போய் ‘கொல்லக்கூட உரிமை இருக்கு தெரியுமா’ என்பார்கள். இருக்கிறது. சாவோ கொடுங்காயமோ வரும் என்று நியாயமாகப் பயப்படும்படி தாக்கினால், பாலியல் வன்முறைக்காகத் தாக்கினால், கடத்துவதற்காகத் தாக்கினால், இப்படி ஒரு பட்டியல் உண்டு. ஆசிட் வீச்சு 2013ல் சேர்ந்தது. உடைமையைக் காப்பதில் 103ஆம் பிரிவு கொள்ளையையும் சேர்க்கிறது. ஆனால் என் கணிப்பில் இந்தப் பதினொன்றில் முக்கியமானவை 99, 102, 105 மூன்றும்தான். எவ்வளவு அடிக்கலாம் என்பதை விட எப்போது ஆரம்பிக்கலாம், எப்போது நிறுத்தணும் என்பதில்தான் இந்தச் சட்டத்தின் மூளை இருக்கிறது.

102: முயற்சியாலோ மிரட்டலாலோ ஆபத்து வரும் என்ற நியாயமான அச்சம் தோன்றிய நொடியில் உரிமை ஆரம்பம். முதல் அடி வாங்கும்வரை காத்திருக்கத் தேவையில்லை. அந்த அச்சம் இருக்கும்வரை உரிமையும் இருக்கும், அச்சம் போனால் உரிமையும் போய்விடும். 105 அதையே உடைமைக்குச் சொல்கிறது. திருட்டு என்றால், திருடன் தப்பிப் போகும்வரை, அல்லது போலீஸ் உதவி வரும்வரை, அல்லது பொருள் திரும்பக் கிடைக்கும்வரை. கொள்ளை என்றால், அவன் அடிப்பதோ மறிப்பதோ, உடனே அடிப்பான் என்ற பயமோ தொடரும்வரை. 99: தேவைக்கு மேல் அடிக்கக்கூடாது, அதிகாரிகளின் உதவியை நாட நேரம் இருந்தால் இந்த உரிமையே கிடையாது.

இதை நம்ம தெருவுக்குக் கொண்டுவருவோம். பைக்கில் வருகிறவன் கத்தியைக் காட்டிச் செயினை இழுக்கிறான். ஹெல்மெட்டால் அவன் கையில் ஓங்கி ஒன்று போடுகிறீர்கள், எலும்பு முறிகிறது. தற்காப்பு. அவன் கீழே விழுந்து, கத்தி தூரப் போய், நாலு பேர் அமுக்கிப் பிடித்துவிட்டார்கள். இப்போது ஐந்தாவதாக ஒருவர் வந்து ஒரு உதை விடுகிறார். அது குற்றம். கரண்ட் கம்பத்தில் கட்டி வைத்து அடிப்பதும் குற்றம். நம்ம பத்திரிகைகள் இதற்கு ‘தர்ம அடி’ என்று அழகான பெயர் வைத்திருக்கின்றன, லைஃப் பிரிசர்வர் மாதிரியே. பொதுமக்கள் தர்ம அடி கொடுத்துப் போலீஸில் ஒப்படைத்தனர் என்று வாரம் ஒரு தடவையாவது படிக்கிறோம். தர்ம அடிக்கு அந்தச் சட்டத்தில் எந்தப் பிரிவும் இல்லை.

2010ல் தர்ஷன் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்த விதிகளையெல்லாம் தொகுத்துச் சொன்னது. தாக்கப்படுகிறவன் அந்தப் பதற்றத்தில் தராசில் தங்கம் நிறுப்பது போல அடியை நிறுத்துக் கொடுக்க முடியாது. கோழை மாதிரி ஓடத் தேவையில்லை. ஆனால் இது தடுப்பதற்கான உரிமை, பழிவாங்குவதற்கானது இல்லை. பயம் நியாயமானதா என்பதை அந்த இடத்தில், அந்த நேரத்தில் நின்று பார்க்கவேண்டும்.

நியாயமான பயம் என்றால் உண்மையான ஆபத்து என்று அர்த்தம் இல்லை. 98ஆம் பிரிவின் இரண்டாவது எடுத்துக்காட்டைப் படித்தபோதுதான் லண்டன் எனக்கு முழுசாகப் புரிந்தது. ஏ தனக்கு உள்ளே போக உரிமையுள்ள ஒரு வீட்டுக்குள் இரவில் நுழைகிறான். இசட் அவனைக் கன்னமிட வந்த திருடன் என்று நல்லெண்ணத்தோடு நினைத்துத் தாக்குகிறான். தவறான எண்ணத்தில் அடித்தாலும் இசட் செய்தது குற்றமில்லை. ஆனால் ஏ திருப்பி அடிக்கலாம். இசட் செய்தது குற்றமாகவே இருந்திருந்தால் என்ன உரிமை இருக்குமோ, அதே உரிமை ஏ-வுக்கும் உண்டு. அதாவது இருட்டில் இரண்டு பேர், இரண்டு பேருமே நிரபராதிகள், இரண்டு பேருக்குமே அடிக்க உரிமை! லண்டன் தெருவில் முகம் வீங்கி உட்கார்ந்திருந்த அந்த இரண்டு குடும்பஸ்தர்கள் இங்கே அச்சாக நிற்கிறார்கள். பீதிக்குக் கால் நூற்றாண்டு முன்னாடியே அதற்கான டெஸ்ட் கேஸ் கல்கத்தாவில் யோசிக்கப்பட்டுவிட்டது.

ஆனால் இந்த எடுத்துக்காட்டுக்குள் ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது. சட்டம் நல்லெண்ணம் என்று சொன்னால், கவனமும் எச்சரிக்கையும் சேர்ந்த எண்ணம் என்று 52ஆம் பிரிவு சொல்கிறது. வாட்ஸப்பில் வந்ததைப் படித்துவிட்டுப் பயப்படுவது அதில் சேராது. 2018 மே மாதம், பிள்ளை பிடிப்பவர்கள் ஊருக்குள் வந்திருக்கிறார்கள் என்ற வதந்தி வட மாவட்டங்களில் பரவியது. திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கம், குலதெய்வக் கோவிலுக்குக் குடும்பத்தோடு காரில் வந்த 65 வயதுப் பெண்மணி வழி கேட்க இறங்கி, குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். கூட்டம் கூடி அடித்தே கொன்றுவிட்டது. கூட இருந்தவர்களுக்கும் படுகாயம். அடித்தவர்களில் நிறையப் பேர் நிஜமாகவே பயந்திருப்பார்கள் என்றுதான் நினைக்கிறேன். 1862ல் மணி கேட்டவனை அடித்தவரும் நிஜமாகத்தான் பயந்தார். சட்டம் கேட்பது பயந்தாயா என்று மட்டும் இல்லை, எதைப் பார்த்துப் பயந்தாய், அடிக்கும்போது அந்த ஆபத்து எதிரே இருந்ததா என்றும்தான்.

எங்கள் அப்பார்ட்மென்ட் குரூப்பில் செயின் பறிப்பு வீடியோ ஒன்று வந்தால் போதும், பெப்பர் ஸ்ப்ரே லிங்க்கும் எலெக்ட்ரிக் டார்ச் லிங்க்கும் வரிசையாக விழும். வாங்கட்டும், தப்பில்லை. வீடியோ எந்த ஊர், எந்த வருஷம் என்று யாரும் கேட்பதில்லை என்பதுதான் பிரச்சினை.

2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் இந்தப் பதினொன்றும் 34 முதல் 44 வரை எண் மாறி உட்கார்ந்திருக்கின்றன. ‘இரவில் கன்னமிடுதல்’ என்பது ‘சூரியன் மறைந்த பின், உதிக்கும் முன்’ என்று ஆனது மாதிரிச் சின்ன மாற்றங்கள்தான். 102 இப்போது 40. 103 இப்போது 41. 105 இப்போது 43.

அந்த எண்களை வைத்து 2019 ஆகஸ்டில் நடந்த ஒரு சம்பவத்தைப் பாருங்கள், வீடியோவை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அன்று திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்த கடையம் பக்கம், தோட்டத்து வீட்டு வாசலில் ஒரு பெரியவர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். முகமூடி போட்ட ஒருவன் பின்னாலிருந்து வந்து கழுத்தில் துணியைப் போட்டு இறுக்குகிறான். அச்சு அசல் கரோட்டிங். சத்தம் கேட்டு உள்ளேயிருந்து மனைவி ஓடி வந்து, கையில் கிடைத்த செருப்பு, நாற்காலி எல்லாவற்றையும் தூக்கி எறிகிறார். அரிவாளோடு இன்னொருவன். பெரியவர் கழுத்தை விடுவித்துக்கொண்டு எழுந்து, அவரும் பிளாஸ்டிக் நாற்காலியை எடுத்துவிட்டார். பிடி இறுகிய நொடியில் 40ஆம் பிரிவு ஆரம்பித்தாயிற்று. அரிவாள், கொள்ளை என்பதால் 41ஆம் பிரிவில் உயிரையே எடுத்திருந்தாலும் கேள்வி இல்லை. அவர்கள் பயன்படுத்தியதோ நாற்காலி, வாளி, செருப்பு. அந்த அம்மாவின் செயின் போனது, கையில் வெட்டுக்காயம். அந்தச் சுதந்திர தினத்தில் மாநில அரசு அவர்களுக்கு வீரச் செயலுக்கான விருது கொடுத்தது. கொள்ளையர்கள் ஓட ஆரம்பிக்கும்வரை நாற்காலி பறந்தது, 43ஆம் பிரிவு கேட்பதும் அவ்வளவுதான்.